ஹெவி லைசென்ஸ் எடுக்கப் போகிறீர்களா? முதல் தாளிலிருந்து டெஸ்ட் நாள் வரை வரிசையாக

நாமக்கல் பக்கத்தில் பதினான்கு வருடம் லாரி ஓட்டினேன். இப்போது புதிதாக வரும் பையன்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறேன். அவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கார் நன்றாக ஓட்ட வரும். சிக்கலே அதுதான். பத்து நாள் லாரி பழகிய பிறகும் கை, கால், கண் மூன்றும் காரைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கும். கீழே சொல்லும் வரிசை அந்தக் கார் பழக்கத்தைக் கழற்றுவதற்காகப் போட்டது. ஒரு படி பிடிபடாமல் அடுத்ததற்குத் தாவாதீர்கள்.

1. முதலில் தேதிகளைப் பாருங்கள்

டிரான்ஸ்போர்ட் வாகனம் ஓட்ட 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதோடு, இலகுரக வாகன உரிமம், அதாவது கார் லைசென்ஸ், எடுத்து ஒரு வருடம் முடிந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் ஹெவிக்கு எல்.எல்.ஆர்., அதாவது பழகுநர் உரிமம், கிடைக்காது.

இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். 18 வயதில் பைக் லைசென்ஸ் எடுத்திருப்பார்கள், கார் போன வருடக் கடைசியில்தான் சேர்ந்திருக்கும். "லைசென்ஸ் எடுத்து மூணு வருஷம் ஆச்சே" என்று வந்து நிற்பார்கள். அட்டையில் ஒவ்வொரு வாகன வகைக்கும் எதிரே தனித் தேதி இருக்கும். கார் வகைக்கு நேரே இருக்கும் தேதியிலிருந்துதான் ஒரு வருடக் கணக்கு.

இன்னொன்று, உங்களுக்கு ஹெவி தேவைதானா என்று பாருங்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சின்ன சரக்கு வண்டிகளைக் கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. மொத்த எடை என்றால் வண்டியும் அதிகபட்ச சரக்கும் சேர்ந்த எடை. அது ஆர்.சி.யில் இருக்கும். குட்டியானையில் தண்ணீர் கேன் போடுவதற்காக ஹெவி எடுக்க வேண்டியதில்லை. ஆறு சக்கர லாரி, டிப்பர், டாரஸ் மாதிரிப் பல சக்கரப் பெரிய லாரி என்றால்தான் இந்த வழிகாட்டி.

2. கண்ணைக் காட்டிவிட்டுப் பணம் கட்டுங்கள்

டிரான்ஸ்போர்ட் உரிமத்துக்கு மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் 1-ஏ கட்டாயம். பார்வை, நிறம் பிரித்தறிதல், மாலைக்கண், காது கேட்கும் திறன், கை கால் அசைவு எல்லாம் அதில் வரும். நல்ல வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவில் ஒரு காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிய வேண்டும் என்பது அதில் உள்ள அளவு.

பயிற்சிப் பள்ளியில் முழுப் பணமும் கட்டிவிட்டுக் கடைசியில் கண்ணைப் பார்க்கப் போகிறவர்கள் உண்டு. என்னிடம் வந்த ஒரு பையனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் அவனுக்கே தெரிந்தது. பள்ளிக்காரர்கள் பணத்தைத் திருப்பித் தரவில்லை. அதனால் மருத்துவர் முதலில், பள்ளி பிறகு. கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்றால் கவலை வேண்டாம், கண்ணாடி போட்டு ஓட்டலாம். ஆனால் டெஸ்ட் நாளில் அந்தக் கண்ணாடி முகத்தில் இருக்க வேண்டும்.

3. பள்ளியைத் தேர்ந்தெடுப்பது

கார் லைசென்ஸுக்கு அப்பாவோ அண்ணனோ சொல்லிக் கொடுத்தால் போதும். ஹெவிக்கு அப்படி முடியாது. அனுமதி பெற்ற பயிற்சிப் பள்ளி தரும் படிவம் 5, அதாவது பயிற்சி முடித்த சான்று, இல்லாமல் உரிமத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. கனரக வாகனப் பயிற்சி 30 நாளுக்குக் குறையக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி.

சேர்வதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். வண்டியில் இரட்டைக் கட்டுப்பாடு, அதாவது சொல்லிக் கொடுப்பவர் காலடியிலும் பிரேக், கிளச் இருக்கிறதா? ஒரு நாளைக்கு ஓர் ஆள் எத்தனை நிமிடம் ஸ்டியரிங்கில் உட்காருவார்? ஏர் பிரேக் வண்டியா? இரண்டாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் வெளியே வந்துவிடுங்கள். ஒரே வண்டியில் எட்டுப் பேரை ஏற்றி, ஆளுக்குப் பத்து நிமிடம் என்று ஓட்டினால் மாதக் கடைசியில் உங்கள் கையில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் இருக்காது. யார் எவ்வளவு நேரம் ஓட்டினார் என்று எழுத படிவம் 15 என்றொரு பதிவேடு பள்ளியில் இருக்க வேண்டும். உங்கள் பெயருக்கு நேரே என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள்.

"வண்டியே ஏற வேண்டாம், படிவம் 5 போட்டுத் தருகிறோம்" என்று சொல்லும் இடங்களும் இருக்கின்றன. எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் அப்படி வாங்கினான். முதல் லோடிலேயே கல்யாண மண்டபத்துக் காம்பவுண்டு சுவரைப் பின் சக்கரத்தால் இழுத்துக்கொண்டு வந்தான். பள்ளியில் மிச்சம் பிடித்ததைவிடச் சுவருக்குக் கொடுத்தது அதிகம்.

தனியார் பள்ளி தவிர வேறு வழிகளும் உண்டு. கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் (ஐ.ஆர்.டி.) ஓட்டுநர் பயிற்சிப் பிரிவு இருக்கிறது. நாமக்கல்லில் அசோக் லேலண்ட் பயிற்சி மையம் இருக்கிறது. 2021 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையம் என்ற திட்டத்தில் கனரகப் பயிற்சி ஆறு வாரத்தில் 38 மணி நேரம். அங்கே தேறியவர்களுக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஓட்டிக் காட்டுவதிலிருந்து விலக்கு உண்டு. பக்கத்தில் இருந்தால் முதலில் அதை விசாரியுங்கள்.

4. எல்.எல்.ஆர்.

பரிவாகன் இணையதளத்தின் சாரதி பகுதியில் ஏற்கெனவே உள்ள உரிமத்தோடு கூடுதல் வாகன வகை சேர்க்கும் வழியில் விண்ணப்பிக்க வேண்டும். புது உரிமம் என்ற வழியில் போய்விட்டுப் பாதியில் மாட்டிக்கொள்ளாதீர்கள். பழைய உரிமத்தில் உள்ள பெயர், பிறந்த தேதி ஆதாரோடு ஒத்துப்போகிறதா, ஓ.டி.பி. வரும் கைபேசி எண் இப்போதும் உங்களிடம் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். இந்த இரண்டால் வீணாகும் நாள்கள் ஏராளம்.

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். எடுத்த நாளிலிருந்து 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட்டுக்குப் போகலாம். பயிற்சியும் 30 நாள் என்பதால் இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் ஒன்றாக முடியும். எல்.எல்.ஆர். எடுத்துப் பையில் வைத்துவிட்டு நான்கு மாதம் கழித்துப் பயிற்சிக்கு வந்தால், ஒரு தடவை தவறினாலே நாள் போதாது. எல்.எல்.ஆர். கைக்கு வராமல் ரோட்டில் ஏறாதீர்கள். வந்த பிறகும் வண்டியின் முன்னும் பின்னும் சிவப்பு எல் பலகையும், பக்கத்தில் உரிமம் உள்ள ஆளும் வேண்டும்.

5. முதல் இரண்டு நாள்: வண்டியை நகர்த்தாதீர்கள்

பையன்களுக்குப் பிடிக்காத பகுதி இது. சாவியைக் கொடுத்தால் போதும் என்று நிற்பார்கள். நான் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைச் சுற்றி வரச் சொல்வேன்.

முன்பக்கத்தில் தொடங்கி கிளீனர் சைடு, அதாவது இடப்பக்கம், வழியாகப் பின்னால் போய் டிரைவர் சைடு வழியாகத் திரும்புங்கள். தினமும் அதே திசையில் போக வேண்டும். திசை மாறினால் ஏதாவது ஒன்று விட்டுப் போகும். அடியில் ஆயில் சொட்டியிருக்கிறதா, வீல் நட்டைச் சுற்றித் துருக்கோடு இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துருக்கோடு இருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். பின்னால் இரட்டை டயரில் உள்டயர் காற்று இறங்கியிருந்தால் வெளியே தெரியாது, ஒரு கம்பியால் தட்டிப் பாருங்கள். காற்று இருந்தால் கம்பி துள்ளும், இல்லாவிட்டால் 'தொப்' என்று அடங்கும். இரண்டு டயருக்கும் நடுவே கல் சிக்கியிருந்தால் எடுத்துவிடுங்கள். அப்புறம் கூலன்ட், இன்ஜின் ஆயில், பி.எஸ். 6 வண்டியாக இருந்தால் புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் ஆட்புளூ திரவம்.

பிறகு ஏறி உட்கார்ந்து சீட்டைச் சரிசெய்யுங்கள். கிளச்சை முழுக்க மிதிக்கும்போது முட்டி கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். கால் முழுக்க நீண்டுவிட்டால் சீட் பின்னால் இருக்கிறது. அரை கிளச்சில் கால் நடுங்குவதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். கண்ணாடிகளில் வண்டியின் பக்கவாட்டு ஓரமாகக் கொஞ்சமும், மீதி ரோடும், கீழே பின் டயர் தரையைத் தொடும் இடமும் தெரிய வேண்டும். பின் டயர் தெரியாத கண்ணாடியை வைத்துக்கொண்டு வளைக்கவும் முடியாது, ரிவர்ஸ் எடுக்கவும் முடியாது.

அடுத்தது காற்று. காரில் பிரேக்கைப் பிடிப்பது எண்ணெய், லாரியில் காற்று. இன்ஜின் ஓடினால்தான் கம்ப்ரஸர் டேங்கில் காற்றை நிரப்பும். காற்று குறைவாக இருந்தால் பஸ்ஸர் கத்தும், சிவப்பு விளக்கு எரியும். பஸ்ஸர் நின்றதும் கிளம்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். அது போதாது. முள் 7 பாரைத் தாண்டட்டும். பஸ்ஸர் நின்ற நிலையில் இரண்டு மூன்று தடவை பிரேக் மிதித்தால் காற்று மறுபடி கீழே போய்விடும்.

காற்று நிரம்பியதும் இன்ஜினை நிறுத்தி, பிரேக்கை ஒரு நிமிடம் மிதித்தபடி முள்ளைப் பாருங்கள். மெல்ல இறங்கிக்கொண்டே வந்தாலோ, எங்காவது 'உஸ்' சத்தம் கேட்டாலோ கசிவு இருக்கிறது. ஹேண்ட் பிரேக் சின்ன லீவர்தான். அது டேங்கிலிருந்து பிரேக்குக்குப் போகும் காற்றை வெளியேற்றும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். காற்று இல்லாத லாரி தானாகவே பிரேக் பிடித்து நிற்பது இதனால்தான். இந்த ஒரு விஷயம் புரிந்தால் ஏற்றத்தில் எடுப்பது பாதி புரிந்த மாதிரி.

6. கிளச், கியர்

காலியான ஆறு சக்கர வண்டியை டீசல் இன்ஜினின் ஐடில் வேகமே இழுத்துவிடும். ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், கிளச்சை மட்டும் மெல்ல விட்டு வண்டியை நகர்த்திப் பழகுங்கள். கார் பழகியவர்கள் முதலில் ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டுக் கிளச்சை விடுவார்கள். வண்டி குதிக்கும், கிளச் தட்டு கருகிய வாடை வரும். அந்த வாடையை ஒரு தடவை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். முதலாளிகளும்தான்.

பழைய வண்டிகளில் கியர் இறக்க டபுள் கிளச் அடிக்க வேண்டியிருக்கும். கிளச் மிதித்து நியூட்ரல், கிளச்சை விட்டு ஆக்ஸிலேட்டரில் ஒரு சின்னத் தட்டு, மறுபடி கிளச், பிறகு கீழ் கியர். புது வண்டிகளில் இது தேவையில்லை என்றாலும் பழகி வையுங்கள், எந்த வண்டி கையில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கியர் மாற்ற வேண்டிய நேரத்தை ஆர்.பி.எம். முள் சொல்லும். பச்சைக் கோட்டுக்குள் அது நின்றால் டீசலும் மிச்சம், இன்ஜினுக்கும் நல்லது. கியர் கம்பியைப் பார்த்து மாற்றுகிற பழக்கத்தை மட்டும் முதல் வாரத்திலேயே விட்டுவிடுங்கள். நீங்கள் கீழே பார்க்கும் இரண்டு நொடியில் வண்டி முப்பது மீட்டர் போயிருக்கும்.

7. வளைப்பது

இதற்குத்தான் அதிக நாள் ஒதுக்க வேண்டும். பத்து நாள் என்றாலும் தப்பில்லை.

காரில் நீங்கள் முன் சக்கரத்துக்குப் பின்னால் உட்காருகிறீர்கள். லாரியில் ஏறத்தாழ முன் சக்கரத்துக்கு மேலேயே உட்காருகிறீர்கள். அதனால் திருப்பம் உங்கள் கண்ணுக்கு வந்ததுமே ஸ்டியரிங்கை ஒடித்தால், முன் சக்கரம் திரும்பிவிடும், பின் சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு மூலைக் கல்லிலோ சாக்கடையிலோ ஏறும். காரில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே சுமார் இரண்டரை மீட்டர். லாரியில் நான்கு, ஐந்து மீட்டர். இடைவெளி கூடக் கூடப் பின் சக்கரம் அதிகமாக உள்ளே வெட்டும்.

ஆகவே தாமதமாக ஒடிக்க வேண்டும். இடப்பக்கம் திரும்ப, மூலை உங்கள் தோளைத் தாண்டும் வரை நேராக விடுங்கள். பிறகு முழுக்க ஒடியுங்கள். ஒடித்தபடியே கிளீனர் சைடு கண்ணாடியில் பின் டயரைப் பாருங்கள். மூலைக்கும் டயருக்கும் நடுவே இடம் இருக்கிறதென்றால் விடலாம். முன்னால் மட்டுமே பார்த்து வளைத்தால் இடப்பக்கத்தில் நுழையும் பைக்காரர் தெரியவே மாட்டார். பெரிய விபத்துகள் பல அப்படித்தான் நடக்கின்றன.

மைதானத்தில் இதற்கு ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். மூலையாக ஒரு செங்கல்லும் அதன் மேல் காலித் தண்ணீர் பாட்டிலும். ராசிபுரத்துப் பையன் ஒருவன் ஐந்து தடவை வளைத்தான், ஐந்து தடவையும் பாட்டில் நசுங்கியது. "முன்னாடி இடமே இல்லீங்கண்ணா, சுவத்துல போய் இடிச்சுருமுங்க" என்றான். இறங்கி வரச் சொன்னேன். ஈர மண்ணில் முன் டயரின் தடம் செங்கல்லிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளிப் போயிருந்தது. பின் இரட்டை டயரின் அகலத் தடம் செங்கல் மேலேயே ஏறியிருந்தது. எதிரே சுவருக்கும் பம்பருக்கும் நடுவே இன்னும் ஒரு கட்டில் போடலாம். "இப்ப சொல்லு தம்பி, இடம் எங்க இருக்கு?" அவன் பதில் சொல்லவில்லை. ஆறாவது தடவை பாட்டில் நின்றது.

நீங்களும் ஒவ்வொரு வளைவுக்குப் பிறகும் இறங்கித் தடத்தைப் பாருங்கள். நாலு தடவை இறங்கி ஏறினால் கால் வலிக்கும். ஆனால் கண்ணாடியில் பார்த்ததும் தரையில் நடந்ததும் ஒன்றாகச் சேருவது அப்போதுதான். வலப்பக்கம் திரும்புவது கொஞ்சம் எளிது, ஏனென்றால் மூலை உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் பயிற்சியை வலத்தில் தொடங்கி இடத்துக்குப் போங்கள்.

8. ரிவர்ஸ்

ஆறு சக்கர வண்டியில் ரிவர்ஸ் கார் மாதிரிதான், ஒடிக்கும் பக்கம் பின்பகுதி போகும். டிரெய்லர் வேறு கதை, அதை இங்கே எடுக்கவில்லை. வித்தியாசம் என்னவென்றால் திரும்பிப் பார்த்தால் எதுவும் தெரியாது. இரண்டு கண்ணாடிதான் கண். பின்னால் போகும்போது ஒரு பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தால் மறுபக்கம் உரசும். ஒரு பக்கம், மறுபக்கம் என்று மாறி மாறிப் பார்க்க வேண்டும். வேகம் ஐடில் மட்டும், ஆக்ஸிலேட்டரே வேண்டாம்.

முதலில் நேர் ரிவர்ஸ் ஐம்பது மீட்டர். வண்டியின் பின்பகுதி ஒரு பக்கம் விலகுகிறதென்றால் அதற்கு எதிர்ப் பக்கம் ஸ்டியரிங்கைக் கொஞ்சமாகத் திருப்புங்கள், நேராகிவிடும். அது பிடிபட்ட பிறகு குறுகிய இடைவெளிக்குள் இடமாகவும் வலமாகவும் நுழைப்பது. டெஸ்ட்டில் கேட்கப்படுவது இதுதான்.

கிளீனரோ வேறு யாராவதோ பின்னால் நின்று "வரலாம், வரலாம், லெஃப்ட்டு ஒடி, ஹோல்டான்" என்று சொன்னாலும் ஒரு கட்டாய விதி வைத்துக்கொள்ளுங்கள். அவர் கண்ணாடியில் தெரியாத நொடியில் வண்டி நிற்க வேண்டும். குரல் கேட்கிறதே என்று போகக் கூடாது.

9. ஏற்றமும் இறக்கமும்

ஏற்றத்தில் நின்று எடுக்கும்போது வண்டி பின்னால் உருளக் கூடாது. விதியில் எழுதியே இருக்கிறது, ஆய்வாளர் இதைக் கூர்ந்து பார்ப்பார். வரிசை: ஹேண்ட் பிரேக் போட்டிருக்க வேண்டும், முதல் கியர், கிளச்சை மெல்ல விடுங்கள், இன்ஜின் சத்தம் கனத்து முன்பக்கம் லேசாக எழும்பும். அங்கேயே காலை நிறுத்தி, கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்து, லீவரை விடுங்கள். இங்கே பொறுமை வேண்டும். லீவரை விட்ட உடனே பிரேக் விடாது, காற்று போய்ச் சேர்ந்து ஸ்பிரிங்கைத் தள்ள ஒரு கணம் ஆகும். அந்தக் கணத்தில் "வண்டி நகரலையே" என்று ஆக்ஸிலேட்டரை அமுக்குகிறவர்கள் பாய்ந்துவிடுவார்கள். பயந்து கிளச்சை மிதிக்கிறவர்கள் பின்னால் உருளுவார்கள். காலை அசைக்காமல் இருந்தால் வண்டி தானாக ஏறும்.

இறக்கத்துக்குப் பழைய டிரைவர்கள் சொல்லும் கணக்கு ஒன்றுதான்: ஏறின கியரில் இறங்கு. இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். பாதியில் போய்க் குறைக்கப் பார்த்தால் கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொள்ளும். புகைக்குழாயை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் போடுங்கள். கால் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் டிரம் சூடாகி, லைனிங் பிடிப்பு விட்டுப்போகும். அப்போது எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது.

சேலம், தருமபுரி நடுவே தொப்பூர் கணவாயில் வருடா வருடம் லாரிகள் முன்னால் போகும் வண்டிகள் மேல் ஏறுவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குவதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. இப்போதைய இன்ஜின்களில் அந்த மிச்சமும் கிடையாது. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் போவதே நின்றுவிடும், நியூட்ரலில் போட்டால்தான் ஐடிலுக்கு டீசல் போகும். இன்ஜினையே நிறுத்தி இறக்குவது இன்னும் மோசம். பவர் ஸ்டியரிங் போய்விடும், கம்ப்ரஸர் நின்று காற்றும் ஏறாது. இந்தப் பழக்கத்தை யாராவது சீனியர் டிரைவர் சொல்லிக் கொடுத்தால் தலையை ஆட்டிவிட்டுச் செய்யாமல் இருங்கள்.

10. ரோட்டில்

மைதானத்தில் வளைவும் ரிவர்ஸும் வந்த பிறகு ரோடு. காலை ஐந்தரைக்கு வெறிச்சோடிய ரோட்டில் தொடங்கி, அப்புறம் சந்தை நாளில் ஊருக்குள். முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று எண்ணத் தொடங்குங்கள். நான்கு எண்ணுவதற்குள் அந்தக் கம்பம் உங்களுக்கு வந்துவிட்டால் நெருங்கிப் போகிறீர்கள். ஏர் பிரேக் மிதித்ததும் பிடிக்காது, கொஞ்சம் தாமதம் உண்டு. லோடு இருந்தால் நிற்கும் தூரம் இன்னும் கூடும்.

முன் பம்பருக்குக் கீழே நிற்பவர் உங்களுக்குத் தெரிய மாட்டார். சிக்னலில் நின்று கிளம்பும்போது எட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள்.

11. வாயால் கேட்கும் கேள்விகள்

சரக்கு வண்டிக்கு வேக வரம்பு நான்கு வழிச்சாலையில் 80, மற்ற சாலைகளிலும் ஊருக்குள்ளும் 60 கிலோமீட்டர். அறிவிப்புப் பலகையில் அதைவிடக் குறைவாக இருந்தால் அதுதான் வரம்பு. வட்டப் பலகை கட்டளை, முக்கோணம் எச்சரிக்கை. உயர வரம்பு, அச்சு எடை வரம்பு, முந்தத் தடை, குறுகிய பாலம், செங்குத்து இறக்கம் இந்த ஐந்தும் லாரிக்காரர்களிடம் அடிக்கடி கேட்கப்படும். ஒளிரும் பட்டை முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு. வண்டியில் இருக்க வேண்டிய தாள்கள்: ஆர்.சி., இன்ஷூரன்ஸ், பெர்மிட், எஃப்.சி. (தகுதிச் சான்று), வரி, புகைச் சான்று. எஃப்.சி. எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதன் பிறகு வருடா வருடம்.

12. டெஸ்ட் நாள்

அசல் உரிமம், எல்.எல்.ஆர்., படிவம் 5, படிவம் 1-ஏ, டெஸ்ட் நேரம் பதிவு செய்த ஸ்லாட் சீட்டு. முந்தின இரவே ஒரே உறையில் போட்டு வையுங்கள். காலில் ஷூ. ரப்பர் செருப்பு பெடலில் வழுக்கும்.

வண்டி பள்ளியுடையதுதான், ஆனால் அன்று காலை அதில் வேறு யாரோ ஓட்டிவிட்டு இறங்கியிருப்பார். அவருடைய சீட், அவருடைய கண்ணாடி. மோட்டார் வாகன ஆய்வாளர், நம் ஊர்ப் பேச்சில் பிரேக் இன்ஸ்பெக்டர், ஏறி உட்கார்ந்ததும் பதற்றத்தில் அப்படியே ஸ்டார்ட் செய்கிறவர்கள்தான் முதலில் மதிப்பெண் இழப்பவர்கள். கண்ணாடியைச் சரிசெய்வதே விதியில் முதல் அம்சம். சீட், கண்ணாடி, சீட் பெல்ட், நியூட்ரல், ஸ்டார்ட், காற்று முள், கண்ணாடியில் பார்வை, இண்டிகேட்டர், ஹேண்ட் பிரேக். இதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். காற்று ஏறும் வரை காத்திருப்பதை அவர் தப்பாக நினைக்க மாட்டார். "காற்று ஏறட்டும் சார்" என்று சொல்லிவிட்டே காத்திருங்கள்.

ஓட்டும்போது கண்ணாடியைப் பார்ப்பது அவருக்குத் தெரிய வேண்டும். விழியை மட்டும் உருட்டினால் போதாது, தலை கொஞ்சம் திரும்பட்டும். இண்டிகேட்டர் போட்டுவிட்டுக் கண்ணாடி பார்ப்பது தலைகீழ் வரிசை, முதலில் கண்ணாடி. நடுவில் வண்டி ஆஃப் ஆகிவிட்டால் பதறிச் சாவியைத் திருகாதீர்கள். ஹேண்ட் பிரேக், நியூட்ரல், ஸ்டார்ட், மறுபடி கிளம்பு. ஆஃப் ஆனதற்காகத் தவறுகிறவர்களைவிட, ஆஃப் ஆன பிறகு கியரிலேயே ஸ்டார்ட் செய்து முன்னால் எகிறித் தவறுகிறவர்கள் அதிகம்.

நிறுத்தி இறங்கும்போது ஹேண்ட் பிரேக், நியூட்ரல், ஒரு நிமிடம் ஐடில், பிறகு ஆஃப். டர்போ சூடு தணிய அந்த ஒரு நிமிடம் வேண்டும். இறங்கும்போது முன்பக்கம் குதிக்காதீர்கள். கைப்பிடியைப் பிடித்து, வண்டியைப் பார்த்தபடி இறங்குங்கள்.

13. தவறினால், தேறினால்

தவறினால் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று தடவை தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும். எதில் தவறினீர்கள் என்று அங்கேயே மரியாதையாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அந்த ஒன்றை மட்டும் ஏழு நாளும் பழகுங்கள். எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தால் நேரம்தான் போகும்.

தேறினால் டிரான்ஸ்போர்ட் உரிமம் ஐந்து வருடத்துக்குச் செல்லும். புதுப்பிக்கும்போது படிவம் 1-ஏ மறுபடி வேண்டும். பெட்ரோல், கேஸ், அமிலம் ஏற்றும் டேங்கர் ஓட்ட இது மட்டும் போதாது, அபாயகரப் பொருள்களுக்கான தனிப் பயிற்சியும் உரிமத்தில் அதற்கான பதிவும் வேண்டும்.

அட்டை தபாலில் வந்ததும் பெயரையும் போட்டோவையும் பார்த்து மகிழ்ந்துவிட்டு வைத்துவிடாதீர்கள். வாகன வகைகளுக்கு நேரே டிரான்ஸ்போர்ட் ஏறியிருக்கிறதா, காலாவதித் தேதி சரியா என்று பாருங்கள். விடுபட்டிருந்தால் லோடு ஏற்றுவதற்கு முன்னால் திருத்த வேண்டும். விபத்து ஆன பிறகு இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான்.

முதல் ஆறு மாதம் அனுபவமுள்ள டிரைவரோடு இரண்டாவது டிரைவராகப் போங்கள். பகலில், காலி வண்டியில், தெரிந்த ரோட்டில் தொடங்கி, பிறகு லோடு, பிறகு இரவு, அப்புறம் மலை. திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவு. அங்கே போகும்போது அந்தச் செங்கல்லும் பாட்டிலும் நினைவுக்கு வரும்.